துடுப்பா, மோட்டாரா? மதுரையிலிருந்து அலையாத்திக் காடு போகிறவர்களுக்கு

பிச்சாவரம், காரங்காடு, முத்துப்பேட்டை. மதுரையிலிருந்து போய்வரக்கூடிய, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகள் (மாங்குரோவ்) இந்த மூன்றும். எது அழகு என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நாம் போவதால் எங்கே சேதம் குறையும் என்று கேட்டால் பதில் வேறாகிறது.

பேர் பெரிது பிச்சாவரத்துக்குத்தான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1,100 ஹெக்டேர். 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான தில்லை மரமும் இங்கே உண்டு. (இலையை ஒடிக்க வேண்டாம், அதன் பால் கண்ணுக்கு ஆகாது.) படகுத்துறையில் தயவுசெய்து துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் கிளப்பும் அலை சேற்றுக் கரையை அரிக்கும், இரைச்சலில் கொக்கும் நாரையும் எழுந்து போய்விடும். குறுகலான கால்வாய்களுக்குள் மோட்டார் படகு நுழையவும் முடியாது. தலைக்கு மேல் கிளைகள் கோத்துக்கொள்ளும் அந்தச் சந்துகளைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்! ஆனால் மதுரையிலிருந்து ஒரு பக்கமே 250 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேறு.

காரங்காட்டுக்கு ராமநாதபுரம் வரை ரயிலிலேயே போகலாம், அப்புறம் தொண்டிப் பக்கம் போகும் பஸ். காடு சின்னதுதான். ஆனால் வனத்துறை இதை அந்த மீனவ ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்துகிறது. நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு ஊருக்குள்ளேயே நிற்பதால், காடு நன்றாக இருப்பது அவர்கள் பிழைப்போடும் சேர்ந்துவிடுகிறது. என்னைக் காரங்காட்டின் பக்கம் சாய்த்தது இதுதான். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகும் இருக்கிறது, சத்தமில்லாமல் போய்வரலாம். சேற்றில் ஆணி அடித்தது போல நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். செல்ஃபிக்காக இறங்கி அவற்றை மிதித்துவிடாதீர்கள்.

முத்துப்பேட்டை பரப்பில் பெரியது. ஆனால் வனத்துறை அனுமதி வாங்கி, மோட்டார் படகில் நெடுநேரம் போனால்தான் காயல் வரும். பறவை பார்க்கவென்றே போகிறவர்கள் போகட்டும்; மற்றவர்கள் அதை விட்டுவைக்கலாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு காரங்காட்டுக்கு, அதுவும் வாரநாளில். தண்ணீரை வீட்டு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், பிஸ்கட் உறையை மஞ்சப்பையில் போட்டு மதுரைக்கே கொண்டுவாருங்கள். எப்படியும் நடராஜரைப் பார்க்கச் சிதம்பரம் போகிறீர்கள் என்றால் சரி, பிச்சாவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன், துடுப்புப் படகில்.