12 வோல்ட்டிலிருந்து 180: நிக்ஸி கடிகாரத்துக்கான பூஸ்ட் மாட்யூல்

மேக்ஸ்1771 சிப் வைத்த பூஸ்ட் மாட்யூல், அதாவது வோல்டேஜை உயர்த்தும் சிறு போர்டு, ஆறு ஐஎன்-14 நிக்ஸி குழாய்களுக்கு (எண்களாக ஒளிரும் வாயுக் குழாய்கள்) தாராளமாகப் போதும். குழாய்க்கு அதிகபட்சம் 2.5 மில்லியாம்ப் என்றால் மொத்தம் 15. 180 வோல்ட்டில் 2.7 வாட். 12 வோல்ட், 1 ஆம்ப் அடாப்டருக்கு இது சுலபமான வேலை. மலிவான எம்சி34063 மாட்யூலோ இதே சுமையில் நன்றாகச் சுடும், வோல்டேஜும் சரியும். ஆறு குழாய்க்கு அதை வாங்காதீர்கள்.

குழாய்களை இணைக்கும் முன் மாட்யூலில் வோல்டேஜை மாற்றும் பிரிசெட்டைத் திருகி, மல்டிமீட்டரில் 180 பார்த்து வையுங்கள். எரியும் குழாயில் சுமார் 140 வோல்ட் நிற்கும். மீதி 40ஐத் தாங்க ஒவ்வொரு குழாயின் ஆனோடுக்கும் (நேர்முனைக்கும்) 18 கிலோஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அது இல்லாவிட்டால் கரண்ட் எகிறிக் குழாய் வீணாகும்.

மேக்ஸ்1771 மாட்யூலின் பெரிய குறை, வெளியீட்டுக் கெபாசிட்டரை வடிக்க ரெசிஸ்டர் இல்லாதது. அடாப்டரைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கும். 470 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்தக் கெபாசிட்டருக்குக் குறுக்கே பற்றவைத்துவிடுங்கள்.