சேனையா, பிடிகருணையா, வெற்றிலைவள்ளியா? கடலூர் மண்ணில் ஒரு பந்தயம்

2024 சித்திரையில் மூன்று கிழங்குகளையும் ஒரே வாரத்தில் ஊன்றினேன். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக் கொல்லை மணல் பாங்கானது. கெடிலம் ஆறு கூப்பிடு தூரம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் தங்கை வீட்டுக் கொல்லை செம்மண் மேடு. இரண்டு இடத்திலும் சேனை, பிடிகருணை, வெற்றிலைவள்ளி. நம் கடற்கரைக்கு எது ஒத்துவரும் என்று பார்த்தே தீருவது என்ற வீம்புதான் காரணம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். சந்தையில் கருணை என்று கேட்டால் ஒரு கடையில் யானைப் பாதம் போன்ற சேனையை அறுத்து நிறுப்பார்கள். அடுத்த கடையில் கைப்பிடிக்குள் அடங்குகிற பிடிகருணையை அள்ளிப் போடுவார்கள். சேனையைக் காறாக்கருணை, தொண்டையை அரிக்கும் பிடிகருணையைக் காறும் கருணை என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வதுண்டு, அதுவே தெளிவு. வெற்றிலைவள்ளி வேறு குடும்பம். வெற்றிலை போன்ற இலையோடு ஏறும் கொடி அது. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பெயரில் மட்டுமே வள்ளி. கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தைக்கு வள்ளி என்று பெயர் வைத்தார்களே, அந்தக் குழி இந்தக் கொடி வகைக்காக வெட்டியதுதான்.

சேனைக்கு இடம் வேண்டும். இரண்டடி அகல, ஒன்றரை அடி ஆழக் குழி, குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி. கிழங்கை அறுக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் நடு முளையின் ஒரு பகுதி இருக்க வேண்டும். இல்லையென்றால் துண்டு முளைக்க மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். அரைக் கிலோவுக்குக் குறையாத துண்டாக வெட்டிச் சாணக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி ஊன்றினேன். ஆந்திரத்தின் கொவ்வூரில் தேர்ந்தெடுத்த கஜேந்திரா ரகமும், திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீபத்மா ரகமும் அதிகம் காறாதவை. விதைக்கிழங்கு வாங்கும்போது ரகம் கேட்டு வாங்குவது நாக்குக்கு நல்லது.

தண்டு என்று நாம் நினைக்கும் அந்தப் புள்ளி போட்ட தூண் உண்மையில் இலைக்காம்பு. உச்சியில் குடை விரித்தாற்போல நிற்பது ஒரே ஒரு இலை. அழகு என்றால் அப்படியொரு அழகு. ஆனால் சில சமயம் முழுக் கிழங்கு இலைக்கு முன்னால் பூவை விடும். அழுகிய மாமிச வாடைக்கு ஈக்களும் வண்டுகளும் தேடி வரும். லாஸ்பேட்டையில் ஒரு முழுக் கிழங்கு அப்படிப் பூத்துவிட்டது. எலி செத்துக் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டினர் இரண்டு நாள் தங்கள் தண்ணீர்த் தொட்டியடியையெல்லாம் தேடியிருக்கிறார்கள். தங்கைக்கு வெட்கம் தாங்கவில்லை.

பிடிகருணைக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. வாழையடி நிழலிலும் முளைத்துவிடுகிறது. எலிகூட அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அதற்கு நாக்கு அரித்திருக்கும். பழைய வாளியில் போட்டாலும் கிழங்கு வைக்கும், கொஞ்சம்தான் வைக்கும். மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்கள் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வெற்றிலைவள்ளிக்குக் கால் கிலோத் துண்டு போதும், ஆனால் ஏற ஒரு துணை வேண்டும். நான் முருங்கையில் ஏற்றினேன். அறிவுள்ளவர்கள் வேலியிலோ பந்தலிலோ ஏற்றுவார்கள். கொடி தானாக ஏறுகிறது, பூச்சி அதிகம் அண்டுவதில்லை, ஆவணிக்குள் வேலி தெரியாமல் மூடிவிடுகிறது. கஷ்டமெல்லாம் தோண்டும்போதுதான். செம்மண்ணில் கிழங்கு இரண்டடிக்கும் கீழே போய்விட்டது. பாதியில் ஒடித்துத்தான் எடுத்தோம். மணலில் சுலபம். சாக்கில் வளர்த்தால் இன்னும் சுலபம், சாக்கைக் கிழித்தால் தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை: காட்டிலும் புதரிலும் தானாக ஏறிக் கிடக்கும் வள்ளிக் கொடிகளைத் தோண்டிச் சமைக்காதீர்கள். அவற்றில் நஞ்சுள்ள வகைகள் உண்டு.

இந்த ஊர்களில் நடுவர் மழைதான். மூன்றுக்குமே எட்டு முதல் பத்து மாதம் ஆகும். சித்திரையில் ஊன்றினால் மார்கழி, தையில் அறுவடை. பொங்கல் குழம்புக்குக் கச்சிதமாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்கு நடுவில் ஐப்பசியும் கார்த்திகையும் இருப்பதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் கடலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னாலேயே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் பக்கம் மழைத் தண்ணீரே வடிய வழியில்லாமல் கொல்லையில் மூன்று நாள் நின்றது.

சேனைதான் முதல் பலி. இலை பழுத்துச் சாயத் தொடங்கியபோதே தோண்டியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பருக்கட்டும் என்று விட்டேன். ஆறு குழியில் நான்கு அழுகி, விரலை வைத்தால் உள்ளே போயிற்று. முருங்கை முறிந்து வள்ளிக் கொடியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கிழங்கு தப்பியது, ஆனால் பருமன் குறைவு. பிடிகருணை மேட்டுப் பாத்தியில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. லாஸ்பேட்டை மேட்டில் தண்ணீர் நிற்கவில்லை. அங்கே சேனை ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் குறையவில்லை. அதைத் தங்கை தொலைபேசியில் மூன்று முறை சொன்னாள்.

ஆகவே தாழ்ந்த கொல்லை உள்ளவர்கள் சேனையைச் சித்திரைக்குக் காத்திருக்காமல் மாசியிலேயே ஊன்றி, கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றி, அடைமழை பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் சேனையை மறந்துவிடலாம்.

இனி அடுப்படி. இங்கே என் தீர்ப்பு ஒருதலைப்பட்சமானது. பிடிகருணை மசியலுக்கு முன்னால் மற்ற இரண்டும் நிற்காது. ஆனால் அது பொறுமையைக் கேட்கும் கிழங்கு. தோண்டிய கையோடு சமைத்தால் தொண்டையில் ஊசி குத்தும். குத்துவது உண்மையிலேயே ஊசிதான்: கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி வடிவத்தில் கிழங்குக்குள் இருக்கின்றன. கிழங்கைக் காற்றாட ஓரிரு மாதம் போட்டு வைத்துப் பழசாக்குவது எங்கள் வீட்டு வழக்கம். பிறகு தோலோடு அரிசி கழுவிய நீரில் குழைய வேகவைத்து, உரித்து மசித்து, புளிக்கரைசல், வெந்த துவரம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து இறக்குவார்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். புளியில் கஞ்சத்தனம் கூடாது. சித்த வைத்தியத்தில் மூலத்துக்குக் கருணைக்கிழங்கு லேகியமே உண்டு.  சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

சேனைக்குப் புகழ் புரட்டாசியில். முதுநகர்த் துறைமுகத்து மீன் வாசம் வீட்டுக்குள் வராத அந்த மாதத்தில், சேனையை வஞ்சிரம் துண்டு போலத் தட்டையாக அறுத்து, மஞ்சளும் புளியும் போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து, மீன் வறுவல் மசாலாவையே தடவித் தோசைக்கல்லில் போட்டால் பிள்ளைகள் முறைக்காமல் சாப்பிடுகிறார்கள். மீனுக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன். அறுக்கும்போது கையில் ஈரம் கூடாது. எண்ணெய் தடவிக்கொண்டு, கழுவாத கிழங்கைக் காய்ந்த கையோடு அறுத்தால் அரிப்பு குறையும்.

வெற்றிலைவள்ளி சாது. வேகவைத்து உப்பும் தேங்காய்த் துருவலும் போட்டால் மாலைப் பலகாரம். ஊதா நிறக் கிழங்கு கிடைத்தால் பாலும் வெல்லமும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சலாம், நிறமே ஒரு விருந்து. நறுக்கும்போது வழவழவென்று பால் கசியும். அதைப் பார்த்தே என் மருமகள் ஒதுங்கிவிட்டாள். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைத்து ஏங்கவும் ஒன்றுமில்லை. ஆனால் வெந்த கிழங்கு யாருடைய தொண்டையையும் அரிக்காது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அது பெரிய விஷயம்.

இந்த முறை என் கொல்லையில் சேனை இல்லை. அதைத் தங்கை மேட்டுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். மேட்டுப் பாத்தி நிறையப் பிடிகருணை, தெற்கு வேலியில் இரண்டு சாக்கு வள்ளி. முருங்கை இருந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.