ஐம்பதாயிரம் ரூபாய் பெடலும் என் நாலு கம்பியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெடல் என்னுடையது இல்லை. மெட்டல் பேண்டு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த நண்பன், ஆபீஸில் நைட் ஷிஃப்ட் போட்டதும் பேண்டை விட்டுவிட்டு, "சும்மாதான் கிடக்குது மச்சி, எடுத்துட்டுப் போய் வாசிச்சுப் பாரு, பிடிச்சா பேசிக்கலாம்" என்று கையில் கொடுத்தான். மூன்று வாரம் என்னிடம் இருந்தது. டார்க்கிளாஸ் மைக்ரோட்யூப்ஸ் பி7கே அல்ட்ரா, இரண்டாம் பதிப்பு. பேஸ் கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி. புதிதாக வரவழைத்தால் கஸ்டம்ஸ், கூரியர் எல்லாம் சேர்த்து, நான் விசாரித்த அன்றைக்கு ஐம்பதாயிரத்துக்கு அந்தப் பக்கம் போனது. என் பேஸ் கிட்டாரே அவ்வளவு விலை கிடையாது.

நான் எங்கே வாசிக்கிறேன் என்று சொன்னால்தான் மீதி புரியும். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா லைட் மியூசிக், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச். இங்கே எந்த மேடையிலும் பேஸ் ஆம்ப் என்று ஒன்று இருக்காது, கேபிளை நேராக மிக்ஸரில் செருகச் சொல்லிவிடுவார்கள். பாசிவ் பேஸை (உள்ளே பேட்டரி இல்லாத கிட்டாரை) அப்படி லைன் இன்புட்டில் செருகினால், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மெலிந்த சிக்னலுக்கு எதிரே இன்புட் தடை ஒரு மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) அளவுக்கு இருக்க வேண்டிய இடத்தில் பத்தாயிரம் ஓம் சுற்றளவில்தான் இருக்கும், மேல் அதிர்வெண்கள் அங்கேயே அடங்கிப்போய், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் என் போன்ற ஆளுக்கு, சிக்னலைத் தேற்றி மிக்ஸருக்கு அனுப்பும் பிரீஆம்ப் பெடல் ஆடம்பரம் கிடையாது, அதுதான் ஆம்பே. அதற்கு இவ்வளவு பணமா என்பதுதான் கேள்வி.

இதுவரை ஆறு வருடமாக ஒரு பிளாஸ்டிக் பிரீஆம்ப் பெட்டியை வைத்து ஓட்டுகிறேன், பெயர் வேண்டாம். இன்புட் ஜாக் ஆடும், கச்சேரிக்கு முன்னால் கறுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி விடுவேன். வாங்கிய விலைக்கு அது என்றைக்கோ உழைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, டார்க்கிளாஸ். பின்லாந்தில் ஹெல்சிங்கிக் கம்பெனி, ஆரம்பித்தவர் சிலி நாட்டைச் சேர்ந்த டக்ளஸ் காஸ்ட்ரோ. பெடலில் எட்டுக் குமிழ்கள். மாஸ்டர், லெவல், டிரைவ், பிளெண்டு என்று நாலு, அதற்கப்புறம் பேஸ், லோ மிட், ஹை மிட், டிரெபிள் என்று நாலு. காலால் மிதிக்க இரண்டு சுவிட்ச். ஒன்று மொத்தப் பெடலுக்கு, இன்னொன்று டிஸ்டார்ஷனுக்கு, அதாவது சத்தத்தை வேண்டுமென்றே உறுமலாக்கும் பகுதிக்கு மட்டும். 'அல்ட்ரா' என்ற வாலுக்கு முக்கியமான காரணம் இந்த இரண்டாவது சுவிட்ச்தான், டிஸ்டார்ஷனை அணைத்தாலும் ஈக்யூ, அதாவது அடி, நடு, மேல்சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கடைசி நாலு குமிழ், வேலை செய்துகொண்டே இருக்கும். சாதாரண பி7கே-யில் அந்த வசதி கிடையாது. கிரண்ட், அட்டாக் என்று இரண்டு சின்ன சுவிட்சுகள், டிஸ்டார்ஷன் சர்க்யூட்டுக்குள் எவ்வளவு அடிச்சத்தம் போக வேண்டும், எவ்வளவு மேல்சத்தம் போக வேண்டும் என்று தீர்மானிக்க.

முதல் நாள் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், இந்தப் பதிப்பில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறது. உறுமலைக் கூட்டும் டிரைவைப் பாதிக்கு வைத்துப் பிக்கால் (கம்பியைத் தட்டும் சின்ன வில்லையால்) ஒரு தட்டுத் தட்டினேன் பாருங்கள், லாரி செகண்டு கியரில் மேடு ஏறுகிற மாதிரி ஓர் உறுமல். ஆச்சரியம் என்னவென்றால் அவ்வளவு உறுமலிலும் என்ன சுரம் வாசிக்கிறேன் என்பது தெளிவாகக் கேட்டது, பிளெண்டு குமிழ் சுத்தமான சிக்னலையும் கூடவே கலந்து அனுப்புவதால் அடிப்பகுதி கரைந்து போவதில்லை. ஒரு மணிவரை வாசித்தேன். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

அந்த மயக்கத்திலேயே அடுத்த ரிசப்ஷனுக்கு எடுத்துப்போனது என் தப்பு. வேகமான ஒரு குத்துப் பாட்டில் டிஸ்டார்ஷனை மிதித்தேன், எட்டு பார் கூட ஆகவில்லை, சவுண்டு அண்ணன் மிக்ஸரை விட்டு எழுந்து ஓடிவந்து இடது பக்க ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்க்கிறார். "தம்பி, கோன் கிழிஞ்சிருச்சு போல, கொஞ்சம் நிறுத்து" என்கிறார். இல்லண்ணே, பெடல்ண்ணே என்றேன். அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அவர் மேலும் தப்பில்லை. டிஸ்டார்ஷனை நேரே மிக்ஸருக்கு அனுப்பினால், பேஸ் கேபினட்டின் பெரிய ஸ்பீக்கர் இயல்பாக வெட்டிவிடும் மேல் அதிர்வெண்களை ஹாலின் ஹாரன் ஸ்பீக்கர்கள் அப்படியே துப்பும், தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருக்கும். இதற்காகவே பெடலுக்குள் அந்த ஸ்பீக்கர் பெட்டியைப் போலவே ஒலிக்க வைக்கும் கேபினட் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் இணைத்து மாற்றிக்கொள்ளலாம். நண்பன் அதைத் தன் பேண்டுக்கு ஏற்றமாதிரி வைத்திருந்தான், நான் பார்க்காமலே போய் மிதித்துவிட்டேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம் டிஸ்டார்ஷன் பக்கமே போகவில்லை, ஈக்யூவை மட்டும் வைத்து வாசித்தேன். அங்கேதான் எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப்போனது. லோ மிட் குமிழுக்கு ஒரு சுவிட்ச் உண்டு, 250, 500, 1000 ஹெர்ட்ஸ் என மூன்று இடம். ஹை மிட்டுக்கு 750, 1500, 3000. பெரும்பாலான மேடைகளில் நம் பிரச்சினை என்னவென்றால், கீபோர்டுக்காரரின் இடது கை, ரிதம் பேடின் கிக், தபேலாவின் இடது பக்கம் எல்லாமே ஒரே கிணற்றில் குதிக்கின்றன, பேஸ் எங்கே இருக்கிறது என்று வாசிப்பவனுக்கே தெரியாது. வழக்கமாக எல்லாரும் செய்வது பேஸ் குமிழை ஏற்றுவது, அதனால் கலங்கல் இன்னும் கூடும். நான் லோ மிட்டை 500-இல் வைத்துக் கடிகார முள் ஒரு மணியைத் தாண்டும் அளவுக்குத் திருப்பினேன், பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். இளையராஜா பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அவர் பாட்டில் பேஸ் பாடகருக்கு எதிர்ப்பாட்டு மாதிரி தனியாக நடந்துகொண்டே இருக்கும், அது கேட்கவில்லை என்றால் பாதிப் பாட்டுப் போச்சு. அந்த நடை முதல்முறையாக எனக்கு மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் வருடத்துக்கு இரண்டு முறை ஆட்டினாலே பெரிது.

இன்னொரு விஷயம். கச்சேரியை எல்லாரும் போனில் எடுத்து வாட்ஸாப்பில் போடுகிறார்கள், அதில் பேஸ் சுத்தமாகக் கேட்பதில்லை என்பது பேஸ் வாசிக்கிற எங்கள் எல்லாருக்குமே உள்ள தீராத வருத்தம். நாலாவது கம்பியை விரல் வைக்காமல் அடித்தால் 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கருக்கு அது கனவில்கூட வராது. ஆனால் 82, 123, 164 என்று மேலே இருக்கும் மடங்குகள் போதுமான பலத்தோடு வந்தால், காது கீழே இருக்கும் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். டிரைவைக் காதுக்குத் தெரியாத அளவுக்குச் சிட்டிகை வைத்து, பிளெண்டைக் காலே அரைக்கால் கலந்தால் அந்த மடங்குகள் ஏறுகின்றன. சர்ச்சில் அப்படி வாசித்தேன், யாரும் ஸ்பீக்கரைச் சந்தேகப்படவில்லை, வீடியோவில் பேஸ் கேட்டது.

குறை என்றால், பேட்டரி போட இடமில்லை, மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட்டிலும் ஓடாது, 9 வோல்ட் அடாப்டர் கட்டாயம். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் இன்னொரு பிளக் பாயிண்டுக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும், டியூப் லைட்காரரிடம் கெஞ்ச வேண்டும். அந்த பிளக் வழியாக 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே வரும், அது மூன்றாம் ஃபிரட்டில் நாலாம் கம்பியின் ஜி சுரத்துக்கு, அதாவது 49 ஹெர்ட்ஸுக்கு, ஒட்டி உட்கார்ந்துகொள்வதால் ஈக்யூவில் வெட்டவும் முடியாது. மிக்ஸரோடு இருக்கும் கிரவுண்டு இணைப்பை விடுவிக்கும் கிரவுண்டு லிஃப்ட் பொத்தானைத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் டெக் 21 சான்ஸாம்ப் பேஸ் டிரைவர் டிஐ என்ற இன்னொரு பிரீஆம்ப் பெடல் எனக்கு வசதியாகப் படுகிறது, பேட்டரி, அடாப்டர், மிக்ஸரின் 48 வோல்ட் மூன்றிலும் ஓடும். அதன் பழைய பதிப்பில் மிட் குமிழே கிடையாது, நடுப்பகுதி குழிவிழுந்த சத்தம் என்று பெயர். இரண்டாம் பதிப்பில் மிட் குமிழும், 500, 1000 என்று மாற்ற ஒரு பொத்தானும் வைத்துவிட்டார்கள். விலையும் பாதியை ஒட்டித்தான் வரும்.

திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். ஒரே பாட்டை என் பிளாஸ்டிக் பெட்டியில் ஒன்று, டார்க்கிளாஸில் டிஸ்டார்ஷன் இல்லாமல் ஒன்று என்று ரெக்கார்டு செய்து, சத்த அளவைச் சமமாக்கி, எங்கள் தபேலாக்காரரிடம் போட்டுக் காட்டினேன். பேஸை மட்டும் தனியாகக் கேட்டபோது டார்க்கிளாஸைச் சரியாகப் பிடித்தார். கீபோர்டு, ரிதம் எல்லாம் சேர்த்துப் போட்டதும் மூன்று தடவையில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். அப்புறம் என் கம்பிகளைத் தொட்டுப் பார்த்து, "இதை எப்போ மாத்தினே?" என்றார். எட்டு மாதம். புதுக் கம்பி போட்டு இன்னொரு முறை எடுத்தேன், பிளாஸ்டிக் பெட்டி எடுத்ததுதான் நல்லாயிருக்கு என்று சாதித்தார்.

ஆக, மெட்டல், ராக் வாசிக்கிறவர்கள், பிக்கால் அடித்து உறுமலை நம்பி இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், அந்தச் சத்தம் வேறு பெட்டியில் எனக்கு இவ்வளவு சுத்தமாகக் கிடைத்ததில்லை. வீட்டிலேயே ரெக்கார்டு செய்து அனுப்புகிற ஆட்களுக்கும் கணக்கு ஒத்துவரும், ஹெட்போன், கேபினட் சிமுலேஷன் எல்லாம் தினமும் பயன்படும். என்னைப் போல டிஸ்டார்ஷன் சுவிட்சைத் தொடவே பயப்படுகிற கல்யாணக் கச்சேரிக்காரன், மிட் சுவிட்ச் ஒன்றுக்காக அந்தப் பணம் கொடுப்பது அதிகம். கம்பியை மாற்றுங்கள், ஃபிரட் செட்டப் செய்யுங்கள், மிச்சத்தில் மிட் குமிழ் உள்ள நல்ல டிஐ (மிக்ஸருக்கு நேரே அனுப்பும் பெட்டி) ஒன்று பாருங்கள். பழையது வாங்குவதானால் எட்டுக் குமிழையும் சத்தம் ஓடும்போதே திருப்பிப் பார்க்க வேண்டும், கரகர என்று கேட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் ஓட்டையில் கேபிளை ஆட்டிப் பாருங்கள், அடாப்டரும் கூட வருகிறதா என்று கேளுங்கள்.

போன ஞாயிறு பெடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருபத்தெட்டுக்கு எடுத்துக்கோ என்றான். இதையெல்லாம் அவனிடமும் சொன்னேன், வேண்டாம் மச்சி, எனக்கு இது அதிகம் என்று விளக்கினேன். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது இருபத்திரண்டு என்றால் யோசிக்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் பதில் வரவில்லை.