புது சிடி, பழைய சிடி, வினைல், பாக்ஸ் செட்: எதில் காசு வீணாகிறது, எதில் மிச்சமாகிறது

இத்தனை சின்ன பிளாஸ்டிக் வட்டுக்கு இவ்வளவு விலையா என்ற கோபம் இசைத்தட்டு வாங்குகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் நாம் கொடுக்கும் காசில் பிளாஸ்டிக்குக்குப் போவது மிகக் குறைவு, மற்ற யார் யாருக்கோ போகிறது, அதில் எந்தப் பங்கை நம்மால் கொடுக்காமல் இருக்க முடியும் என்று பார்த்தால்தான் மலிவான வழி புலப்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்பதற்காக வாங்குகிறவருக்குப் பழைய சிடியை அடித்துக்கொள்ள இன்று வேறு எதுவும் இல்லை, அதற்கு அடுத்தது பல சிடிகளை ஒன்றாகச் சேர்த்து விற்கும் பாக்ஸ் செட், கடைசி இடம் புது வினைலுக்கு, அதாவது முள் வைத்துக் கேட்கும் எல்பி தட்டுக்கு.

சிடி என்பது 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பாலிகார்பனேட் வட்டு. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி, மேலே அலுமினியப் படலம் பூசி, அதன்மேல் காப்புப் பூச்சு தடவி, பெயரை அச்சிட்டால் வேலை முடிந்தது, ஒரு தட்டுக்குச் சில வினாடிகள். மீதி விலை எல்லாம் கடைக்காரரின் லாபம், விநியோகஸ்தரின் கமிஷன், லேபிளின் (இசைத்தட்டை வெளியிடும் நிறுவனத்தின்) பங்கு, விளம்பரம், ஒலிப்பதிவுச் செலவு, பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் போகும் உரிமத்தொகை, அப்புறம் விற்காமல் திரும்பி வரும் தட்டுகளின் நஷ்டம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. விற்காத தட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு இந்தத் தொழிலில் நெடுநாளாக உண்டு, ஆக ஓடாத ஆல்பங்களின் சுமையும் ஓடுகிற ஆல்பத்தின் விலையில்தான் ஏறுகிறது.

1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி முதலில் விற்பனைக்கு வந்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோது விலை அதிகமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது: தொழிற்சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, கழிவாகப் போகும் தட்டுகளும் நிறைய. பிறகு தொழிற்சாலைகள் பெருகின, அடக்கவிலை சரிந்தது, ஆனால் கடையில் விலை அந்த வேகத்தில் இறங்கவே இல்லை. ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஒரு பகுதி விடை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியே வந்தது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே விளம்பரம் செய்யாத கடைகளுக்கு மட்டும் விளம்பரப் பணம் தருவோம் என்று ஐந்து பெரிய லேபிள்களும் நிபந்தனை வைத்திருந்தன. இதனால் சுமார் மூன்று ஆண்டுகளில் வாங்குகிறவர்கள் 480 மில்லியன் டாலர் வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்று அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் மதிப்பிட்டது, லேபிள்கள் அந்த ஏற்பாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டன. 2003-இல் யுனிவர்சல் மியூசிக் தானே முன்வந்து அமெரிக்காவில் சிடி விலையைக் கணிசமாகக் குறைத்தது. குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஜப்பானில் கதை வேறு: அங்கே லேபிள் வைத்த விலையிலேயே கடைகள் விற்க வேண்டும் என்று கேட்க சட்டமே இடம் கொடுக்கிறது, அதனால்தான் ஜப்பானியப் பதிப்புகளின் விலை உயரத்தில் நிற்கிறது. அதே ஆல்பத்தின் மலிவான வெளிநாட்டுப் பதிப்பை உள்ளூர் ரசிகர் வாங்கிவிடக் கூடாது என்றுதான் அவற்றில் ஓரிரு கூடுதல் பாடல்களைச் சேர்க்கிறார்கள். அந்தப் பாடல்கள் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் அந்தக் கூடுதல் விலைக்கு வேறு நியாயம் இல்லை.

புது சிடியா, பழைய சிடியா?

புது சிடியில் மேலே சொன்ன எல்லாப் பங்குகளையும் நாம் கட்டுகிறோம். பழைய சிடியில் அவை எல்லாவற்றையும் முதலில் வாங்கியவர் கட்டி முடித்துவிட்டார், நாம் கொடுப்பது விற்பவரின் லாபமும் தபால் செலவும்தான். வேறு பொருள்களில் பழையது என்றால் தரம் குறைந்தது என்று பொருள், சிடியில் அப்படி இல்லை. லேசர் ஒளிதான் தட்டைத் தொடுகிறது, முள் உரசுவதில்லை, ஆயிரம் முறை கேட்டாலும் அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தகவல்தான் வரும். கீறல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் முழுமையாக மீட்டுவிடும் பிழைதிருத்த முறை சிடிக்குள்ளேயே இருக்கிறது.

எந்தக் கீறல் ஆபத்து என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகப் போகும் கீறல் பெரும்பாலும் தொந்தரவு தராது. தடத்தோடு சேர்ந்து வளைந்து ஓடும் கீறல்தான் பிரச்சினை, ஏனென்றால் அது தொடர்ச்சியாகத் தகவலை மறைக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் அலுமினியம் இருக்கிறது, அங்கே ஆழமாகக் கீறினால் தகவலே போய்விடும், மெருகேற்றிச் சரிசெய்யவும் முடியாது. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தியதுபோல் ஒளி கசிந்தால் தள்ளிவையுங்கள். 1988-க்கும் 1993-க்கும் இடையில் பிரிட்டனின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ ஆலை அச்சடித்த சில தட்டுகள் விளிம்பிலிருந்து செம்பழுப்பாக மாறி உள்ளேயே அரித்துப்போயின, அப்படி நிறம் மாறிய தட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளால் தட்டைப் படித்து, அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தில் மற்றவர்களின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு பிட் கூடக் குறையவில்லை என்பது உறுதியாகிவிடும். புதுத் தட்டுக்கும் அந்தப் பழைய தட்டுக்கும் இனி என்ன வித்தியாசம்?

சொல்லப்போனால் பழையது மேலானதாகவே இருக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய. 1990-களின் நடுவிலிருந்து, சத்தமாக ஒலிக்கும் பாட்டுதான் விற்கும் என்ற நம்பிக்கையில், மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை நசுக்கி மாஸ்டர் செய்யும் (அச்சுக்குப் போகுமுன் ஒலியை இறுதியாகச் சீரமைக்கும்) பழக்கம் வலுத்தது. ரீமாஸ்டர் என்ற பெயரில் பழைய ஆல்பங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அதே ஆல்பத்தின் 1980-களின் சிடியில் டிரம் அடி உயிரோடு இருக்கும், பாடகர் மூச்செடுப்பது கேட்கும், புது ரீமாஸ்டரில் எல்லாம் ஒரே உயரத்தில் சுவர்போல் நிற்கும். ஆக அதிக விலை கொடுத்து மோசமான ஒலியை வாங்குகிறோம், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். எல்லா ரீமாஸ்டரும் மோசம் என்று சொல்லிவிட முடியாது, ஆரம்பகாலச் சிடிகளில் சிலவற்றைப் பிரதியின் பிரதியான நாடாவிலிருந்து மங்கலாக எடுத்திருக்கிறார்கள், அவற்றுக்கு மூல நாடாவிலிருந்து கவனமாகச் செய்த ரீமாஸ்டர் வரப்பிரசாதம். பதிப்புக்குப் பதிப்பு விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

வினைல்

ஒலி சிறந்தது என்று சொல்லி விற்கிறார்கள், அதைப் பற்றிய சண்டைக்குள் நான் போகவில்லை, விலையை மட்டும் பார்ப்போம். அரக்குத் தட்டில் தடம் வெட்டி, அதிலிருந்து உலோக அச்சுகளைப் படிப்படியாக எடுத்து, கடைசியில் வரும் ஸ்டாம்பரை வைத்து ஒவ்வொரு தட்டாக அழுத்த வேண்டும். ஸ்டாம்பர் தேயும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு மாற்ற வேண்டும், சிடியின் வேகம் இதில் கனவு. அந்த அரக்குத் தட்டுகளைச் செய்ய உலகத்தில் இரண்டே பெரிய நிறுவனங்கள் இருந்தன. அதில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. ஒரு பக்கத்தில் 20 நிமிடம் சொச்சம்தான் நன்றாக அடங்கும், அதனால் ஒரே சிடியில் வரும் ஒரு மணி நேர ஆல்பம் வினைலில் இரண்டு தட்டாகிறது. தட்டு ஒன்று 140 முதல் 180 கிராம், அட்டை உறை வேறு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவே கண்ணைக் கட்டும். 180 கிராம் என்று பெரிதாக எழுதியிருப்பது ஒலித்தரத்துக்கான உத்தரவாதம் இல்லை, தட்டு கனமானது என்பது மட்டும்தான் அதன் பொருள்.

முழுக்க அனலாக், அதாவது இடையில் டிஜிட்டல் எதுவும் கலக்காதது, என்று நம்பிக் கொடுக்கும் காசையும் யோசித்துப் பாருங்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற உயர்விலை லேபிளின் பல தட்டுகள் இடையில் டிஜிட்டல் கோப்பு வழியாகத்தான் வந்தன என்பது 2022-இல் தெரியவந்தது, அதுவரை அந்தக் காதுகூர்மையான கூட்டத்தில் பெரும்பாலோர் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. பெரிய அட்டைப் படமும் தட்டை எடுத்துச் சுழலவிடும் சுகமும் வேண்டும் என்பதற்காக வினைல் வாங்கினால் அது முழுக்க நியாயமான காரணம். சிக்கனம் பேசும் இடத்தில் அதற்கு இடமில்லை.

பழைய வினைல்? மலிவாகத் தெரியும், ஆனால் இங்கே தேய்மானம் நிஜம். விற்பவர்கள் மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி என்று மேலிருந்து கீழாகத் தரம் பிரித்துச் சொல்வார்கள். விஜி என்பது வெரி குட் என்பதன் சுருக்கம், ஆனால் கேட்டால் சடசடப்பு நிச்சயம். விஜி பிளஸுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. வினைலின் மறுபிறப்பால் நமக்கு ஒரு மறைமுக லாபம் கிடைத்திருக்கிறது: 2022-இல் அமெரிக்காவில் விற்ற தட்டுகளின் எண்ணிக்கையிலேயே வினைல் சிடியை முந்திவிட்டது, மக்களின் ஆசை அந்தப் பக்கம் போனதால் பழைய சிடிகளை மூட்டை மூட்டையாகத் தள்ளிவிடுகிறார்கள்.

பாக்ஸ் செட்டும் மலிவுப் பதிப்புகளும்

புதுத் தட்டுதான் வேண்டும் என்பவருக்கு என் பதில் இது. ஒலிப்பதிவுச் செலவு பல பத்தாண்டுகளுக்கு முன்பே வசூலாகிவிட்ட ஆல்பங்களை லேபிள்கள் ஐந்தைந்தாக அட்டை உறையில் போட்டு விற்கின்றன, வார்னரின் ஒரிஜினல் ஆல்பம் சீரிஸ் அந்த வகை. கையேடு இருக்காது, உறையில் எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும், ஆனால் தட்டு ஒன்றுக்கு என்று வகுத்துப் பார்த்தால் தனி சிடி பக்கத்திலேயே வர முடியாது. மேற்கத்தியச் செவ்விசையில் 1987-இல் தொடங்கிய நாக்சோஸ் வேறு வழியில் விலையைக் குறைத்தது: நட்சத்திர நடத்துநர்களைத் தேடாமல், அதிகம் பேர் அறியாத ஆனால் திறமையான குழுக்களை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தது. பெரிய பெயருக்குக் கொடுக்கும் காசு எவ்வளவு என்பதை அந்த ஒரு லேபிள் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான்கு ஜாஸ் ஆல்பங்கள் இரண்டு சிடியில் என்று நம்ப முடியாத விலைக்கு வருபவை வேறு ரகம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை முன்பு 50 ஆண்டுகள்தான் இருந்தது. 2011-இல் அதை 70 ஆக நீட்டினார்கள், ஆனால் ஏற்கனவே காலாவதியானவை திரும்பவில்லை. அதனால் 1962 வரை வெளியான தட்டுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சட்டப்படி சரி, ஆனால் மூல நாடா அவர்களிடம் இருக்காது, வேறு யாரோ உழைத்துச் செய்த சிடியிலிருந்தோ பழைய எல்பியிலிருந்தோ எடுத்திருப்பார்கள், வாசித்தவரின் குடும்பத்துக்கும் அந்த ஒலிப்பதிவிலிருந்து எதுவும் போகாது. ஒரு கலைஞரை முதல்முறை கேட்டுப் பார்க்க இவை போதும், பிடித்துப்போனால் நல்ல பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

எஸ்ஏசிடி, எஸ்எச்எம்-சிடி போன்ற சிறப்புத் தட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக: எஸ்ஏசிடி 1999-இல் வந்தது, சிடியைவிட அதிகத் தகவல் கொண்டது, சுற்றிலும் பல ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் பதிவு வேண்டும் என்றால் அர்த்தம் உண்டு. எஸ்எச்எம்-சிடி சாதாரண சிடியேதான், பிளாஸ்டிக் மட்டும் தெளிவானது, மாஸ்டர் ஒன்றாக இருந்தால் பிட்டுகளும் ஒன்றுதான். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தரவிறக்கம்

ஃபிளாக் (தகவல் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு) வடிவத்தில் வாங்கினால் சிடியின் ஒலி அப்படியே கிடைக்கும், தபால் செலவு இல்லை, கெட்டுப்போகாது. வாழும் கலைஞருக்கு நேராகப் பணம் போக வேண்டும் என்றால் இதுதான் சிறந்த வழி, பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் தரவிறக்க விற்பனைக்குத் தளத்தின் பங்கு 15 சதவீதம், மீதியில் பணப்பரிமாற்றக் கட்டணம் போகக் கலைஞருக்கோ அவருடைய லேபிளுக்கோ போகிறது. பழைய சிடி வாங்கினால் கலைஞருக்கு ஒன்றும் போவதில்லை என்பது உண்மை, அதனால் இப்போது பாடிக்கொண்டிருக்கிற, சிறிய அளவில் இயங்குகிற ஒருவரின் தட்டை மட்டும் நான் எப்போதும் அவரிடமிருந்தே வாங்கச் சொல்வேன்.

குறை என்னவென்றால் கோப்பைத் திருப்பி விற்க முடியாது. வாங்கிய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய ரீடிஜி என்ற நிறுவனம் முயன்றபோது 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. பழைய சிடியை நீங்கள் வாங்கிய விலைக்கு அருகிலேயே விற்றுவிடலாம், ஆக உண்மையான செலவு இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே, இந்தக் கணக்கில் தரவிறக்கம் தோற்றுப்போகிறது.

சரி, பழைய சிடி என்று முடிவு செய்துவிட்டால் தேடும்போது சில விஷயங்கள் உதவும். விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள், இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்தில் அதே பதிப்பு இதுவரை உண்மையில் விற்ற குறைந்த, நடுத்தர, அதிக விலைகளைக் காட்டுவார்கள், நடுத்தர விலைதான் உங்கள் அளவுகோல். தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் ஒரே விற்பனையாளரிடம் ஏழெட்டுத் தட்டுகளாகச் சேர்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், தட்டும் காகிதங்களும் மட்டும் போதும் என்று கேட்டுப் பாருங்கள். எடை வெகுவாகக் குறையும், வழக்கமான பெட்டி எங்கும் தனியாகக் கிடைக்கும். பெட்டியின் ஓரத்தில் வெட்டோ துளையோ இருந்தால் அது விற்காமல் கழித்துவிட்ட சரக்கு, சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள், உள்ளே தட்டு புத்தம்புதிதாக இருக்கலாம். இசை கிளப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்காகத் தனியாக அச்சடித்துத் தபாலில் அனுப்பிய பதிப்புகளும் அப்படித்தான், பார்கோடு இல்லை என்பதற்காகவே விலை குறையும், ஒலி பெரும்பாலும் அதேதான். சீல் உடைக்காத பெரிய செட் ஒன்று அடிமாட்டு விலைக்கு வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள், படங்கள் மங்கலாக, தட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் நீலமாகவோ பச்சையாகவோ தெரிந்தால் அது வீட்டில் கணினியில் பதிவுசெய்த நகல், காசைத் திருப்பிக் கேளுங்கள்.