அப்பாவின் ரிப்போர்ட்டும் என் வரைபடமும்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கீமோ ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தம்பி அனுப்பிய ரிப்போர்ட்டுகளிலிருந்து சிஏ 19-9 (இந்தப் புற்றுநோயின் போக்கைக் கவனிக்க ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர்) எண்களை மட்டும் பொறுக்கி, வெளிநாட்டில் உட்கார்ந்தபடியே வரைபடம் போட்டிருந்தேன். முதலில் 1,140, அடுத்து 310, அப்புறம் 395. இயல்பு அளவு 37க்குள். அந்த 395தான் என்னை டிக்கெட் போட வைத்தது.

டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "முதல் டெஸ்ட் எடுத்தப்ப மஞ்சள் காமாலை இருந்துச்சா?" என்றார். இருந்தது. கட்டி பித்தக்குழாயை அழுத்தியதில் கண்ணெல்லாம் மஞ்சள். அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்த பிறகுதான் தெளிந்தது. பித்தம் தேங்கினாலே இந்த மார்க்கர் எகிறுமாம். ஆக, 310க்கு இறங்கியதை முழுக்கக் கீமோவின் கணக்கில் எழுத முடியாது. என் சந்தோஷத்தில் பாதி அங்கேயே போயிற்று.

கவலையிலும் பாதி போனது. 395 வேறு லேபில் எடுத்தது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள் என்று தம்பி லேபை மாற்றியிருக்கிறான். பரிசோதனை முறை மாறினால் ஒரே ரத்தத்துக்குக்கூட எண் மாறும். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, ராத்திரி 11 மணிக்குச் சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் போனில் வந்து விழுவதெல்லாம் என்ன வசதியோ! லூயிஸ் ஆன்டிஜென் என்ற பொருள் உடலில் இல்லாத சிலருக்கு, நோய் முற்றினாலும் இந்த எண் ஏறவே ஏறாதாம். கீமோ கேட்கிறதா என்பதை ஸ்கேனையும் உடல்நிலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"உன் ரேங்க் கார்டை நான் பார்த்த மாதிரியே பாக்குறடா" என்றார் அப்பா.

கீமோ வார்டு எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற பல மருந்துகள் சேர்ந்த கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மற்ற மருந்துகள் அங்கேயே ஏறிவிடும்; 5-எஃப்யூ என்ற மருந்து மட்டும் இடுப்பில் மாட்டிய பம்பு வழியாக 46 மணி நேரம், வீட்டில். நர்ஸ் அவசரமில்லாமல் சொன்னார்: "ஐயா, கொஞ்ச நாளைக்கு ஃப்ரிட்ஜுக்குள்ள கை விடாதீங்க, ஜில்லுன்னு எதுவும் குடிக்காதீங்க." அதிலுள்ள ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து செய்யும் வேலை, குளிர் பட்டால் விரலும் தொண்டையும் ஷாக் அடித்த மாதிரி ஆகிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல், எந்த நேரமானாலும் கிளம்பி வரச் சொன்னார். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று காத்திருக்காது.

சிடி ஸ்கேன் நான் திரும்பிய பிறகுதான். கிளம்பும்போது தம்பியிடம் சொன்னேன்: இனி எண்ணை மட்டும் அனுப்பாதே, பக்கத்தில் லேப் பெயரும், காமாலையைக் காட்டும் பிலிரூபின் அளவும் எழுது. சரி என்றவன், "ராத்திரில அனுப்பமாட்டேன், டாக்டரைப் பார்த்துட்டுத்தான்" என்றான்.