கானா நாட்டுக் கூடையும் ஷியா வெண்ணெயும்: ஓராண்டு புழங்கிய பின் ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு திருமணத்துக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்யும் பொருள்களை விற்கும் சிறிய கடை ஒன்றைப் பார்த்தேன். 2,850 ரூபாய்க்கு ஒரு புல் கூடையும், 520 ரூபாய்க்கு, ஷியா என்ற ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்துத் தோலில் பூசும் 100 கிராம் ஷியா வெண்ணெயும் வாங்கினேன். பதினான்கு ஆண்டுகள் மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்து கணக்கு எழுதியவள் என்பதால், பொருளோடு சேர்த்துக் கொடுத்த விளம்பர அட்டையையும் வரவு செலவு நோட்டைப் படிப்பது போலத்தான் படித்தேன். கூடைக்குக் கொடுத்த பணத்தில் குறையில்லை. வெண்ணெய்க்குக் கொடுத்ததில் பாதி தேறும். அட்டைக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை.

முதலில் கூடையைப் பற்றிச் சொல்கிறேன். இது கானாவின் வடகோடியில், புர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டிய போல்கடாங்கா வட்டாரத்தில் பின்னப்படுவது. நீண்ட புல் தண்டை நெடுக்காக இரண்டாகக் கிழித்து, அந்த இரண்டு பிளவையும் சேர்த்து முறுக்கி ஒரே இழையாக்கிய பிறகுதான் பின்னலே தொடங்குகிறது. நம் பக்கத்துக் கோரைப்பாயில் கோரையைக் கிழித்துக் காயவைத்து நெய்வதை அறிந்தவர்களுக்கு இந்த முறுக்கு வேலையின் சிரமம் சொல்லாமலே விளங்கும். இழைகளைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி, அடிப்பாகத்திலிருந்து வட்டமாக ஏற்றிக்கொண்டு வந்து, விளிம்பைக் கட்டி முடித்து, கைப்பிடிக்கு ஆட்டுத் தோலைச் சுற்றித் தைக்கிறார்கள். பெரிய கூடை ஒன்றுக்குச் சில நாள் உழைப்பு வேண்டியிருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஒரே மழைக்காலம்தான். அது முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில், இளைஞர்கள் வேலை தேடித் தெற்கே போய்விட, ஊரில் இருப்பவர்களுக்குக் கையில் காசு தருவது இந்தப் பின்னல். புல்லிலும் பெரும்பகுதி இப்போது தெற்கிலிருந்தே வருகிறது என்பதால், நெசவுக்கு நூல் வாங்குவது போல அவர்கள் சந்தையில் மூலப்பொருளை விலைக்கு வாங்கியாக வேண்டும். போல்கடாங்காவில் சந்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கூடுகிறது. கூடையின் விலை ஏறுவதும் இறங்குவதும் அந்தச் சந்தையில்தான் தீர்மானமாகிறது.

கடையில் கூடை சப்பையாக மடங்கித்தான் இருந்தது. கப்பலில் அடுக்கி அனுப்புவதற்காக அமுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, தோல் பிடி நனையாமல், புல் பகுதியைச் சில நிமிடம் தண்ணீரில் நனைத்து, கையால் வயிற்றைத் தள்ளி உருவம் கொடுத்து, உள்ளே பழைய துணியை அடைத்து நிழலில் காயவைத்தால் அது பானை போல நிமிர்ந்து நிற்கிறது. ஓராண்டாகியும் அந்த உருவம் மாறவில்லை. உழவர் சந்தையிலிருந்து ஏழு கிலோ காய்கறி வாரந்தோறும் அதில்தான் வருகிறது. மீனுக்கு மட்டும் எடுத்துப் போவதில்லை. புல்லில் ஏறிய மீன் வாடையை எந்த வெயிலும் போக்காது என்பதை அனுபவிக்காமலே அறியலாம். இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை நனைத்தபோது சிவப்புச் சாயம் இறங்கி என் புடவை முந்தானையில் ஏறிவிட்டது. அதைக் கடையில் எவரும் எச்சரிக்கவில்லை. ஐப்பசி மழையில் நம் கடலோர ஈரத்துக்குத் தோல் பிடியில் பூஞ்சை பூத்தது. துடைத்து, வெயில் காட்டி, தேங்காய் எண்ணெய் பூசிய பிறகு சரியாயிற்று. நம் ஊர்ப் பனையோலைக் கூடையோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு என்பது உண்மை. ஆனால் ஓலைக் கூடை என் கையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை.

வெண்ணெய் விஷயம் வேறு. ஷியா மரம் நம் இலுப்பைக்கு உறவு. சப்போட்டாவும் மகிழமும் அதே தாவரக் குடும்பம். கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய் ஊற்றிய ஊர்க்காரர்களுக்கு, கொட்டையிலிருந்து கெட்டியான கொழுப்பு வருவது புதுமையாக இருக்காது. செனகல் முதல் உகாண்டா வரை நீளும் புல்வெளிப் பட்டையில் இந்த மரம் வளர்கிறது. அதை எவரும் தோப்பாக நட்டு வளர்ப்பதில்லை. உழும்போது வெட்டாமல் விட்டு வைக்கிறார்கள், அது காய்க்கத் தொடங்கவே பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும். மழை தொடங்கி, குதிர் காலியாகி, அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும் பஞ்சமான மாதங்களில்தான் பழம் உதிர்கிறது; விடியும் முன்பே பெண்கள் போய்ப் பொறுக்குகிறார்கள். அவித்து, உலர்த்தி, உடைத்து, வறுத்து, அரைத்து, அந்த மாவைத் தண்ணீர் விட்டுக் கையால் அடித்துக்கொண்டே இருந்தால் வெண்மையாக மேலே திரள்வதை எடுத்து, கழுவி, காய்ச்சி வடிக்கிறார்கள். விறகும் தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும் வேலை. இரண்டையும் சுமந்து வருபவர்களும் அதே பெண்கள்தான்.

நான் வாங்கிய டப்பாவில் இருந்தது சுத்திகரிக்காத வெண்ணெய். வறுத்த கடலையும் புகையும் கலந்த வாசம். என் பித்தவெடிப்புக்கு மார்கழியில் இரண்டு வாரம் இரவில் தடவியதில் நல்ல குணம் தெரிந்தது. பேரனின் வறண்ட முழங்கைக்கும் ஒத்துக்கொண்டது. ஆனால் அது உடம்புச் சூட்டிலேயே உருகும் பொருள் என்பதால் சித்திரையில் டப்பாவுக்குள் எண்ணெயாகிவிட்டது, பிறகு மெல்ல ஆறும்போது ரவை போல மணல் மணலாக உறைந்தது. முழுவதும் உருக்கி உடனே குளிர்பெட்டியில் வைத்தால் மீண்டும் வழவழப்பாகிறது. கெட்டுப்போய்விட்டது என்று எறிய வேண்டாம். விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வீட்டில் இருப்பவர்கள் 520 ரூபாய் கொடுத்து இதை வாங்கத்தான் வேண்டுமா என்றால், குளிர்காலத்தில் தோல் வெடிப்பவர்களுக்கு மட்டும் வாங்கச் சொல்வேன்.

பாதி தேறும் என்று நான் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறும் ஷியாவில் பெரும்பகுதி கொட்டையாகவே கப்பலேறுகிறது. சாக்லேட், அழகுப்பொருள் ஆலைகளுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு இயற்றிய விதிப்படி சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பை 5 சதவீதம் வரை சேர்க்கலாம். அனுமதிக்கப்பட்ட ஆறு கொழுப்புகளில் ஷியாவும் ஒன்று. கொட்டையாக விற்றால் கிராமத்தில் நிற்கும் பணம் கொஞ்சம். வெண்ணெயாக்கி விற்றால் சற்றுக் கூடுதல். டப்பாவில் 'பெண்கள் கூட்டுறவு' என்று எழுதியிருந்தார்களே தவிர, வெண்ணெயை எடுத்தது எந்த ஊர்க் குழு, அந்தக் குழுவுக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் எங்கும் இல்லை. கூடையில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. முடிந்த பொருளாகவே அது பின்னியவர் கையை விட்டுப் புறப்படுகிறது.

அட்டையில் 'நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கூடையும் ஒரு கிராமத்தின் மருத்துவ நிலையத்தை நடத்துகிறது' என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கு உறுத்தியது இதுதான். போல்கடாங்காவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நவ்ரோங்கோவில், 1994-இல் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. செவிலியரை நகர மருத்துவமனையிலிருந்து கிராமத்துக்கே குடியேற்றினார்கள். அவர் தங்கவும் மருத்துவம் பார்க்கவும் ஊர்மக்களே கூடி வீடு எழுப்பிக் கொடுத்தார்கள், ஊர்த்தலைவர்கள் கூட்டம் கூட்டினார்கள், தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போனார்கள். குழந்தை இறப்பு குறைந்தது கண்டு, 1999-இல் கானா அரசு அதையே நாடு முழுவதற்குமான கொள்கையாக்கியது. செவிலியருக்குச் சம்பளம் தருவது அரசு. இடமும் உடலுழைப்பும் தருவது ஊர். நான் கூடை வாங்கியதால் நடப்பது எதுவும் அதில் இல்லை. கூடைக் காசு உண்மையில் பின்னுபவரின் வீட்டு அரிசிக்கும், பள்ளிச் செலவுக்கும், மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவுக்கும் போகும். அதை எழுதினாலே போதுமே, ஏன் இல்லாத பெருமையை எனக்குச் சூட்ட வேண்டும்?

கடைச் சுவரில் மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியின் புகைப்படம் ஒன்று விளக்கமின்றி மாட்டியிருந்தது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “அழகுக்கு மாட்டினதும்மா” என்றாள். அது அழகுக்கானது அன்று. 1991-இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கி வைத்து, பின்னர் ஆப்பிரிக்கா முழுதும் பரவிய சேமிப்புக் குழுவின் பெட்டி. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம்; பெட்டி நான்காமவர் வீட்டில்; எல்லோரும் கூடினால்தான் திறக்கும். வெளிக்கடன் வாங்காமல், தங்கள் சேமிப்பையே கடனாகக் கொடுத்து வாங்கி, ஆண்டு முடிவில் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்; நோய், சாவு போன்ற அவசரத்துக்கென்று ஒரு சிறு நிதியைத் தனியே வைக்கிறார்கள். நம் மாநிலத்தில் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கியபோதே வங்கியோடு கைகோத்துவிட்டன. எங்கள் குழுவில் அவசர மருத்துவத்துக்குப் பணம் எடுக்கத் தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, வங்கி திறக்கும்வரை காத்திருந்த இரவுகள் உண்டு. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டிய செய்தி இது.

சேவை சுமார். ரசீது முறையாகக் கொடுத்தார்கள், பேரம் இல்லை, பொருளை எடுத்துப் பார்க்கத் தடை இல்லை. சாயம் இறங்கியதைச் சொன்னபோது வருத்தம் தெரிவித்தார்களே ஒழிய மாற்றித் தரவில்லை. தை மாதம் மறுபடி போனேன். அதே அட்டை, அதே வாசகம். வெண்ணெய் வாங்கவில்லை. மகளுக்கு ஒரு கூடை எடுத்துக்கொண்டேன்; இந்த முறை சாயமே ஏற்றாத, வெறும் புல் நிறத்தில்.