பைரேட் கட்சிகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு: உறுப்புக் கட்சிகளுக்கு என்ன கிடைக்கிறது?

பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 2006 ஜனவரி 1 அன்று ரிக் ஃபால்க்விங்கே சுவீடனில் தொடங்கிய பைரேட் கட்சி (அதாவது ‘கடற்கொள்ளையர்’ கட்சி; பதிப்புரிமைச் சட்டத் தளர்வும் இணைய உரிமைகளும் அதன் கொள்கை), மூன்றே ஆண்டுகளில் 7.1 சதவீத வாக்குகளோடு ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அதன் வழியில் பல நாடுகளில் முளைத்த கட்சிகளை இணைக்க, 2010 ஏப்ரலில் பிரஸ்ஸல்ஸில் பைரேட் பார்ட்டீஸ் இன்டர்நேஷனல் நிறுவப்பட்டது.

இதை உறுப்புக் கட்சிகளுக்கான ஒரு சேவையாக எடைபோட்டால், என் மதிப்பெண் பாதிக்குச் சற்றுக் கீழேதான். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி பெற்றது நல்ல வரவு. ஆனால் 2015இல் முதலில் பிறந்த சுவீடன் கட்சியே விலகிக்கொண்டது. பிரிட்டன், ஐஸ்லாந்து, ஆஸ்திரேலியக் கட்சிகளும் அதே ஆண்டில் வெளியேறின. மூத்த பிள்ளையே வீட்டைவிட்டுப் போனால் அக்கம்பக்கம் பேசாதா?

ஐரோப்பிய நாடுகளின் பைரேட் கட்சிகள் சேர்ந்து 2014இல் தனியே உருவாக்கிய கூட்டணியான ஐரோப்பிய பைரேட் கட்சியிடம் இதைவிடப் பயன் அதிகம். பொதுத் தேர்தல் அறிக்கை, ஒரே நாடாளுமன்றக் குழு என்று வேலை கண்ணுக்குத் தெரிகிறது: 2019இல் வென்ற மூன்று செக் உறுப்பினர்களும் ஒரு ஜெர்மானியரும் பசுமைக் கட்சிகளின் குழுவில் சேர்ந்து அமர்ந்தனர், அந்த ஜெர்மானியரான பாட்ரிக் பிரையர், தனிப்பட்ட குறுஞ்செய்திகளை நிறுவனங்களே துழாவ வழிசெய்யும் சட்ட முன்மொழிவை விடாப்பிடியாக எதிர்த்தார். 2024இல் ஒரே ஒரு செக் உறுப்பினர்தான் மிஞ்சினார் என்பதால், இந்தச் சேவையும் இப்போது ஒற்றைக் காலில்தான் நிற்கிறது.